ராணுவக் கிடங்கிலிருந்து காதுக்கு: ஒரு வால்வின் கதை

போன லீவுக்கு கோயமுத்தூரில் இருக்கும் என் மாமா வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அவர் மேஜை மேல் கறுப்பாக, கனமாக ஒரு பெட்டி. அதன் தலையில் நான்கு கண்ணாடிக் குமிழ்கள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. வால்வு ஆம்ப்ளிஃபயராம். ஸ்பீக்கர் எங்கே என்று தேடினேன். "ஸ்பீக்கர் எல்லாம் கிடையாதுடா. இது ஹெட்ஃபோனுக்கு மட்டும்தான்" என்றார். விலை கேட்டதும், அத்தை சமையலறையில்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி "ரெண்டே கால்" என்றார். ஆயிரம் இல்லை, லட்சம்!

பி.காம். படிக்கிறவனுக்கு முதலில் என்ன தோன்றும்? இதற்குத் தேய்மானம் எத்தனை சதவீதம் போடுவது என்றுதான். ஆனால் மாமா அடுத்துக் காட்டியதுதான் விஷயம். பீரோவிலிருந்து ஒரு செருப்பு டப்பாவை எடுத்தார். உள்ளே பன்னிரண்டு வால்வுகள். சிலது பழுப்பேறிய அட்டைப் பெட்டியில், சிலது ரஷ்ய எழுத்து அச்சடித்த பெட்டியில். ஒரு பெட்டியின் மேல் 1953 என்று முத்திரை. "பெட்டி ரெண்டே கால் லட்சம். ஆனா இந்த டப்பா இல்லேன்னா அது வெறும் இரும்பு" என்றார். இந்தப் பதிவு அந்த டப்பாவுக்குள் இருக்கும் சரக்கைப் பற்றியது. திரும்பி வந்த பிறகு பல ராத்திரி இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். (தேர்வுக்குப் படிக்க வேண்டிய ராத்திரிகள். அது வேறு கதை.)

வால்வும் ஹெட்ஃபோனும் சேர்ந்து வேலை செய்வது புதிய யோசனை இல்லை. ஆரம்பத்தில் அவை ஜோடியாகத்தான் இருந்தன. 1904ல் இங்கிலாந்தில் ஃப்ளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்தார். பின்னால் அதைக்கொண்டு சிறிய சமிக்ஞையைப் பெரிதாக்க முடிந்தது. 1910ல் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையிலேயே செய்த ஹெட்ஃபோனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தது. 1920களின் தொடக்கத்தில் வீட்டில் ரேடியோ கேட்டவர்களில் பலர் ஹெட்ஃபோனில்தான் கேட்டார்கள். அந்த ஹெட்ஃபோன்கள் 2000 ஓம் அளவு கொண்டவை. இந்த ஓம் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

1925ல் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இன்றைய ஒலிபெருக்கியின் மூதாதையை அறிமுகப்படுத்தினார்கள். குடும்பமே உட்கார்ந்து கேட்க முடிந்தபின் ஹெட்ஃபோன் தொலைபேசி ஆபரேட்டர்களிடமும் ராணுவத்திடமும் ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் ஒலிபெருக்கிக்கும் வால்வுக்கும் ஜாதகம் பொருந்தாது. வால்வு மின்னழுத்தத்தைத் தாராளமாகக் கொடுக்கும், மின்னோட்டத்தில் மகா கஞ்சன். ஒலிபெருக்கியோ நேர் எதிர். 8 ஓம் ஒலிபெருக்கி கொஞ்சம் அழுத்தமும் நிறைய ஓட்டமும் கேட்கும். நடுவில் தரகர் மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால்தான் கல்யாணம் நடக்கும். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் செய்வது கஷ்டம், விலையும் அதிகம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு வால்விலிருந்து நேராக ஒலிபெருக்கிக்குக் கொடுக்க முடியுமா என்று நியூயார்க்கில் ஜூலியஸ் ஃபட்டர்மன் 1950களில் முயன்று, காப்புரிமையும் வாங்கினார். "டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வெளியீடு" என்ற பொருளில் ஓ.டி.எல். என்று அந்த வகைக்குப் பெயர். ஒலிபெருக்கி உலகத்தில் அது ஓரமாகவே நின்றுவிட்டது.

இனி நம் கதாநாயகன். 1940களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 6ஏஎஸ்7ஜி என்ற வால்வை வெளியிட்டது. பார்க்க உருண்டையாக, தோள் வைத்த பாட்டில் மாதிரி இருக்கும். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மின் வழங்கியில் காவல்காரன் வேலைக்குச் செய்தது இது. உள்ளே வரும் மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே போவது ஒரே அளவாக இருக்கப் பார்த்துக்கொள்ளும். பெருக்கித் தருவதில் படு மோசம். ஆம்ப்ளிஃபயர்களில் சாதாரணமாகப் போடும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. இதற்கு வெறும் 2. ஆனால் வேறு ஒரு குணம் உண்டு. சாதாரண வால்வுகளின் உள் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். இதில் ஒரு பாதிக்கு 280 ஓம்தான். கஞ்சர்கள் கூட்டத்தில் கொஞ்சம் கை நீளமான ஆள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் வேறு.

இதையே சின்னதாக, நேரான கண்ணாடியில் உறுதியாகச் செய்ததுதான் 6080. ராணுவக் கருவிகளுக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் நிறையத் தேவைப்பட்டது. பனிப்போர்க் காலம். பணத்துக்கும் பஞ்சமில்லை, பயத்துக்கும் பஞ்சமில்லை. மாமாவின் பெட்டி சிலவற்றில் ஜே.ஏ.என். என்று மூன்று எழுத்து இருக்கிறது. "ஜாயின்ட் ஆர்மி நேவி" என்பதன் சுருக்கம். தரைப்படையும் கடற்படையும் ஒப்புக்கொண்ட தரம் என்று அர்த்தம். பெண்டிக்ஸ் என்ற நிறுவனம் உள்ளே கிராஃபைட் தகடு வைத்து, அதிர்ச்சியையும் சூட்டையும் தாங்கும் 6080 செய்தது. டங்-சால் நிறுவனம் 5998 என்று ஒரு ஒன்றுவிட்ட தம்பியைச் செய்தது. ஐபிஎம் முத்திரையோடு இன்றும் கிடைக்கிறது. சோவியத் யூனியன் தன் பங்குக்கு 6என்13எஸ் என்று இதே வால்வைச் செய்து குவித்தது. ஆக, இரண்டு பக்கமும் யுத்தம் வந்தால் தேவைப்படும் என்று ஒரே பொருளை அடுக்கி வைத்தார்கள்.

யுத்தம் வரவில்லை. டிரான்சிஸ்டர் வந்தது. 1947ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1954ல் ரீஜன்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோவாகக் கடைக்கு வந்தது. அப்புறம் வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆர்சிஏ 1976ல் ரேடியோ வால்வுகள் செய்வதையே நிறுத்திவிட்டது. நம் ஊரிலும் இதே கதைதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961ல் பிலிப்ஸ் துணையோடு வால்வு செய்ய ஆரம்பித்தது. நம் தாத்தாக்கள் கேட்ட ரேடியோக்கள் பலவற்றில் இருந்தவை அவைதான். அவர்கள் ஆரம்பித்த நேரத்தில் உலகம் அடுத்த வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே செய்த வால்வுகளும் இன்று வெளிநாட்டில் "பழைய சரக்கு" என்று விலை போகின்றன.

இந்த இடத்தில் என் பாடப்புத்தகம் குறுக்கே வருகிறது, மன்னிக்கவும். இரண்டாம் எண் கணக்கியல் தரநிலை என்ன சொல்கிறது? கையிருப்பை அடக்க விலையிலோ, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலையிலோ, எது குறைவோ அதில் காட்ட வேண்டும். தேவையில்லாமல் போன ராணுவ வால்வு விற்றால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. ஆகவே கணக்கில் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். உபரி ஏலத்தில் பெட்டி பெட்டியாக எடுத்துப் போனார்கள். எடுத்தவர்களில் சிலர் எறியாமல் வைத்திருந்தார்கள். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் மாமா இன்று காசு கொடுக்கிறார்.

சோவியத் பக்கம் மட்டும் வால்வு நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. 1976 செப்டம்பர் 6ல் விக்டர் பெலன்கோ என்ற விமானி மிக்-25 போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு ஜப்பானின் ஹகோடாடேவில் இறங்கி அடைக்கலம் கேட்டார். அமெரிக்கர்கள் விமானத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தால் ராடாரில் வால்வு! சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. எதிரி குறுக்கே அனுப்பும் அலையை மீறிப் பார்க்கும் அளவுக்கு அந்த ராடாருக்குச் சக்தி இருந்தது. சோவியத் உடைந்தபின் இந்தத் தொழிற்சாலைகளுக்கு வாடிக்கையாளர் யார் தெரியுமா? கிடார் வாசிப்பவர்கள். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் என்ற கிடார்க் கருவி நிறுவனத்தின் மைக் மேத்யூஸ் சோவியத் வால்வுகளை இறக்குமதி செய்தார். 1990களின் இறுதியில் சரதோவ் நகரத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். இன்று புதிதாகச் செய்யும் வால்வுகளில் பெரும்பங்கு ரஷ்யா, சீனா, ஸ்லோவாகியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருகிறது.

இதற்கிடையில் ஹெட்ஃபோன் என்ன செய்துகொண்டிருந்தது? 1958ல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து அதை மறுபடி வீட்டுக்குள் அழைத்து வந்தார். 1968ல் ஜெர்மனியின் சென்ஹைசர், காது பக்கம் திறந்த எச்டி 414ஐ வெளியிட்டது. அது 2000 ஓம். பிறகு 1979ல் சோனி வாக்மேன். பென்சில் பேட்டரியின் சில வோல்ட்டிலேயே சத்தம் வர வேண்டுமே, அதனால் கையடக்க ஹெட்ஃபோன்கள் 32 ஓம் பக்கம் இறங்கின. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்கும் நல்ல ரகங்கள் சில மேலேயே நின்றன. 1997ல் வந்த எச்டி 600, 2003ன் எச்டி 650, 2009ன் எச்டி 800 மூன்றும் 300 ஓம். பயர்டைனமிக் 600 ஓமில்கூட விற்கிறது.

இப்போது அந்த ஓம் கணக்கு. 6080ஐ ஹெட்ஃபோனுக்கு நேராக இணைத்தால் அது ஏறத்தாழ 100 ஓம் மூலம் போல நடந்துகொள்ளும். 300 ஓம் ஹெட்ஃபோன் மாட்டினால் மொத்தம் 400. அதில் 300 ஹெட்ஃபோனுக்கு, அதாவது முக்கால் பங்கு அழுத்தம் போய்ச் சேருகிறது. 32 ஓம் ஹெட்ஃபோன் மாட்டினால் 132ல் 32, கால் பங்குகூட இல்லை. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு? கேட்கவே வேண்டாம். ஃபட்டர்மன் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டியதில் ஒரு பகுதிகூட ஹெட்ஃபோனுக்குத் தேவைப்படவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தரகர் வேண்டாம், பெருக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முன்னால் இன்னொரு சின்ன வால்வு அதைப் பார்த்துக்கொள்ளும். மின் வழங்கியில் காவல் காத்தவன் காதுக்கு வந்த கதை இதுதான். அமெரிக்காவில் பாட்டில்ஹெட் நிறுவனம் நாமே சோல்டரிங் செய்துகொள்ளும் கிட்டாக 'கிராக்' என்ற ஆம்ப்பை இந்த வால்வை வைத்துத்தான் விற்றது. மேல்மட்டத்தில் நியூயார்க்கின் வூ ஆடியோ டபிள்யூஏ2, போலந்தின் ஃபெலிக்ஸ் ஆடியோ யூஃபோரியா, இரண்டிலும் இதே குடும்பத்து வால்வுதான்.

ஆகவே யாராவது வாங்க நினைத்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஒலி எப்படி?" இல்லை. என் ஹெட்ஃபோன் எத்தனை ஓம் என்பது முதல் கேள்வி. 32 ஓம் வைத்திருப்பவர் ஓ.டி.எல். பக்கம் போகக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வால்வு ஆம்ப் பார்க்கலாம், அல்லது பேசாமல் டிரான்சிஸ்டரே போதும். இரண்டாவது கேள்வி, உள்ளே எந்த வால்வு, அது எந்தக் கிடங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. விலைப்பட்டியலில் இது இருக்காது. (சென்ஹைசர் எச்இ 1 என்று ஒன்று 2015ல் அறிவித்தார்கள். இத்தாலியின் கராரா பளிங்குக் கல்லில் உடம்பு, பொத்தானை அழுத்தினால் எட்டு வால்வுகள் மெதுவாக மேலெழும், அப்போது விலை சுமார் 50,000 யூரோ. அதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? மேலே போவோம் :-))

குடித்தனம் நடத்துவது எப்படி என்று மாமா வீட்டில் பார்த்தேன். ஆன் செய்தவுடன் ஒன்றும் கேட்காது. அரை நிமிடம் ஒரு நிமிடம் சூடேற வேண்டும். அதற்கு முன் ஹெட்ஃபோனை மாட்டினால் 'டப்' என்று ஒரு அடி விழலாம், ஆகவே பிளக்கைக் கடைசியில்தான் செருகுவார். ஒரு 6080ன் இழையைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர். இரண்டு வால்வுக்கு 31 வாட்டுக்கு மேல். பாட்டுக்குப் போவது அதில் ஒரு துளி. ஏப்ரல் மாதக் கோவையில் அந்த அறையில் உட்கார முடியாது. "தோசைக்கல்லை அது மேல வெச்சிரலாம், கேஸ் மிச்சம்" என்பது அத்தையின் கருத்து. அணைத்த பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் ஆசை எனக்கு வந்தபோது மாமா என் கையில் ஒரு தட்டு தட்டினார்.

ஒலி? நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பேஸ் கொஞ்சம் நிறைவாக, வீணை பக்கத்தில் இருப்பது போல. ஆனால் இதிலும் பாதி மாயம் அந்த ஓம் கணக்குதான். எச்டி 600ன் 300 ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் 300 இல்லை. தாழ்ந்த ஸ்வரங்களில், 100 ஹெர்ட்ஸ் பக்கம், 500க்கு மேல் ஏறும். அங்கே ஹெட்ஃபோனுக்குப் போகும் பங்கு முக்காலிலிருந்து ஆறில் ஐந்தாகிறது. ஏறத்தாழ ஒரு டெசிபல் பேஸ் கூடுதல். "வால்வின் இதமான ஒலி" என்று உருகுகிறார்களே, அதில் ஒரு பகுதி வகுத்தல் கணக்கு.

வால்வை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பது இவர்களுக்குள் ஒரு வியாதி. நான் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஆர்சிஏவையும் ரஷ்யனையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆறு முறை சோதித்தேன். (சூடு ஆறக் காத்திருந்ததில் ஒரு மதியமே போய்விட்டது.) மூன்று சரி, மூன்று தப்பு. காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். ஆனால் 5998 ஜோடியை மட்டும் ஒவ்வொரு முறையும் டக்கென்று சொன்னார். முகத்தில் பெருமை. பிறகு தரவுத் தாளைப் பார்த்தேன். 5998ன் பெருக்கக் காரணி 2 இல்லை, 5.5. அதே இடத்தில் அதைச் செருகினால் சத்தமே சில டெசிபல் கூடும். மாமா கண்டுபிடித்தது வால்வை இல்லை, சத்தத்தை. இதை அவரிடம் சொன்னேன். இரவு சாப்பாடு வரை பேசவில்லை.

கடைசியாக டப்பாவுக்கு வருகிறேன். வால்வு தேயும். ஒரு ஜோடி 3000 மணி நேரம் உழைக்கும் என்று மாமா ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் வருடம் 730. ஒரு ஜோடி நான்கு வருடம் சொச்சம் வரும். பெட்டியில் ஓடுவது ஒன்று, டப்பாவில் ஆறு, மொத்தம் ஏழு ஜோடி, 28 வருடம். அவருக்கு இப்போது 56. நோட்டில் கடைசி வரியில் 84 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு நோட்டை மூடினார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் ஐந்து ஜோடிதான் வைத்திருந்தாராம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. மார்ச்சில் ரஷ்யா பல பொருட்களின் ஏற்றுமதியை நிறுத்த, சரதோவிலிருந்து வால்வு இனி வராது என்று மைக் மேத்யூஸ் அறிவித்தார். கிடார்க்காரர்கள், வால்வுப் பைத்தியங்கள் எல்லோரும் கிடைத்ததை அள்ளினார்கள். 6080 அந்தத் தொழிற்சாலைச் சரக்கே இல்லை, மாமாவிடம் இருப்பது எல்லாம் எப்போதோ செய்து முடித்தது. ஆனால் பீதிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? மாமாவும் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இரண்டு மடங்கு விலையில் இரண்டு ஜோடி வாங்கினார். சில வாரங்களில் சரதோவ் வால்வுக்கு மறுபடி வழி பிறந்தது. மாமா வாங்கிய அதே விற்பனையாளர் அடுத்த மாதம் பழைய விலைக்கே இறக்கிவிட்டார்.

அந்த இரண்டு ஜோடியை அவர் இன்னும் பிரிக்கவில்லை. எல்லாப் பெட்டி மேலும் வாங்கிய தேதியும் விலையும் பென்சிலால் எழுதி வைப்பது அவர் பழக்கம். இந்த இரண்டிலும் எழுதியிருக்கிறார். அத்தை எப்போதாவது டப்பாவைத் திறந்து பார்க்கக்கூடும் என்பதால் விலையில் மட்டும் ஒரு பூஜ்யம் குறைவு.